தேடக் கற்றுக்கொடுத்த சீர்காழி ரங்கநாதன்

சீர்காழியில் ரயில் ஏறினால் சிதம்பரம், கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு என்று ஊர்கள் வரிசையாக வரும். கடைசியில் சென்னை எழும்பூர்.

1909-ஆம் ஆண்டில், சீர்காழிப் பையன் ஒருவன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போனான். அப்போது அவனுக்கு வயது 17. தகப்பனார் இல்லாத பிள்ளை. பேசும்போது நாக்குத் திக்கும்.

அந்தப் பையனின் பெயர் ரங்கநாதன்.

நூல் நிலையம் என்றால் உலகில் எந்த நாட்டு அறிஞரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை பின்னாளில் வந்தது. அவர் பிறந்த நாள் விழாவை ஆகஸ்ட் 12-ந் தேதி இந்தியா முழுவதும் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர் புத்தகங்களை அடுக்கி வைத்தவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. புத்தகத்தைத் தேடி எடுப்பது எப்படி என்று மாணவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

கணக்கு வாத்தியார்

ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை ராமாமிர்த ஐயர் நிலபுலன் உள்ளவர். ராமாயணப் பிரசங்கம் செய்வதில் ஆர்வம் கொண்டவர். மகனுக்கு 6 வயது ஆனபோது அவர் காலமானார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே ரங்கநாதனுக்குக் கணிதம் கற்பித்தவர் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர். மாணவனைத் தோழனாக நடத்திய ஆசிரியர் அவர். அந்தப் பழக்கம் சீடருக்கும் ஒட்டிக்கொண்டது.

கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றபின் ரங்கநாதன் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1917-ல் மங்களூர் அரசாங்கக் கல்லூரியில் உத்தியோகம் கிடைத்தது. பிறகு கோயம்புத்தூர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி.

திக்குவாய் உள்ளவர் வகுப்பில் நின்று பாடம் சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டினார். விடாமல் பழகி, அந்தக் குறையை அடக்கினார். பாடத்தைச் சொல்லி எழுத வைப்பதோடு நில்லாமல் மாணவர்களைத் தாங்களே வேலை செய்ய வைத்தார். கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவனுக்குத்தான் கணக்கு வரும் என்பது அவர் கொள்கை.

900 பேரில் ஒருவர்

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூல் நிலையத்துக்கு ஒரு நூலகரை நியமிக்க முடிவு செய்தது. சம்பளம் நல்ல சம்பளம். சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

நண்பர்கள் வற்புறுத்தியதால் ரங்கநாதனும் மனுப் போட்டார். நூல் நிலையத்தைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு காரியம் செய்தார். பேட்டிக்குச் சில நாட்களுக்கு முன்னால் 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா' கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, நூலகத்தைப் பற்றிய கட்டுரையைத் தேடிப் படித்தார்.

அவ்வளவுதான் அவருக்கு இருந்த நூலக அறிவு. வேலை அவருக்கே கிடைத்தது!

தெரியாத விஷயம் எங்கே கிடைக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார். பின்னாளில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த வித்தையும் இதுதான்.

ஓடிவந்த நூலகர்

1924 ஜனவரியில் வேலையை ஒப்புக்கொண்டார். சில நாட்களிலேயே மனம் வெறுத்துவிட்டது. பெரிய கூடம், அலமாரிகள், புத்தகங்கள். ஆட்கள் மட்டும் இல்லை! வகுப்பறையின் கலகலப்பில் இருந்தவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிப்போய், பழைய ஆசிரியர் வேலையையே கொடுங்கள் என்று மன்றாடினார்.

அவருக்கு ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வரவேண்டும். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே வந்துவிடலாம்.

ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அவர் லண்டனை அடுத்த கிராய்டன் நகரத்தின் பொது நூலகர். நூறுக்கும் மேற்பட்ட நூல் நிலையங்களை ரங்கநாதன் சுற்றிப் பார்த்தார்.

அங்கே கண்ட காட்சி அவர் மனத்தை மாற்றியது. தொழிலாளி வருகிறான். பெண்கள் வருகிறார்கள். குழந்தைகள் வருகிறார்கள். என்ன வேண்டும் என்று நூலகர் விசாரிக்கிறார். அலமாரிவரை கூடவே போய் எடுத்துக் கொடுக்கிறார்.

இதுவும் ஒரு வகுப்பறைதான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 1925-ல் திரும்பி வந்தவர் மாநிலக் கல்லூரியின் பக்கம் போகவே இல்லை.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடை உண்டு. அங்கே ஒருநாள் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டினார்கள். உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். துண்டுகள் கொஞ்சம்தான். மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் வந்தன.

ரங்கநாதனின் மூளையில் பொறி தட்டியது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பிறகு பூட்டிக் காட்டினால் என்ன?

இதிலிருந்து பிறந்ததுதான் 'கோலன் பகுப்பு முறை'. துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்துக்கொண்டார். 1933-ல் இது நூலாக வெளிவந்தது.

இது நூலகர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று தோன்றலாம். நம் ஊர் உதாரணம் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

திண்டிவனம் பக்கத்து மாணவன் ஒருவன். வீட்டில் மணிலாப் பயிர். இலையெல்லாம் புள்ளி விழுந்து கருகுகிறது. இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். நூல் நிலையத்துக்கு வந்து, 'விவசாயப் புத்தகம் இருக்கிறதா?' என்று கேட்கிறான். அலமாரி முழுதும் விவசாயம்! எதை எடுப்பான்?

கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பயிர்? நிலக்கடலை. எந்த உறுப்பு? இலை. என்ன கேடு? புள்ளி நோய். என்ன செய்ய வேண்டும்? தடுக்க வேண்டும். எந்த இடத்தில்? விழுப்புரம் மாவட்டத்தில். எந்தக் காலத்தில்? இந்தப் பட்டத்தில்.

இப்படிப் பிரித்துவிட்டால் வழி தானே திறக்கும். முதலில் நிலக்கடலைச் சாகுபடி நூல். அதில் நோய்களைப் பற்றிய பகுதி. அங்கே இந்த நோய்க்கு 'டிக்கா' என்று பெயர் இருப்பது தெரியும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மேலும் தேடலாம்.

தேடத் தேட இன்னொன்றும் கண்ணில் படும். 'டி.எம்.வி.' என்ற எழுத்துகளோடு தமிழ்நாட்டில் பல நிலக்கடலை ரகங்கள் உண்டு. அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தைத்தான். அந்த ரகங்கள் உருவானது திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில். கேட்கவேண்டிய ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பது மாணவனுக்கு அப்போதுதான் தெரியவரும்!

கேள்வியைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ரங்கநாதன் கண்ட முறையின் சாரம் இது.

பூட்டைத் திறந்தார்

அந்தக் காலத்து நூல் நிலையங்களில் புத்தகம் பூட்டிய பீரோவில் இருக்கும். வாசகன் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சேவகர் உள்ளே போய்த் தேடுவார். கிடைத்தால் கொண்டுவருவார். என்ன புத்தகம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவே வழியில்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தில் ரங்கநாதன் இதை மாற்றினார். அலமாரிகளைத் திறந்துவிட்டார். யாரும் உள்ளே போகலாம். கையால் எடுத்துப் புரட்டலாம். நூல் நிலையம் திறந்திருக்கும் நேரத்தையும் கூட்டினார்.

புத்தகம் களவு போகும் என்று பயந்தவர்கள் உண்டு. படிக்காத புத்தகம் பத்திரமாக இருந்து என்ன பயன் என்பதே அவர் நிலை.

புது மாணவனுக்கு முதல் பாடம்

அலமாரியைத் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்த மாணவன் காட்டில் விட்டதுபோல் விழித்தான். அப்போது ரங்கநாதனுக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார்.

வாசகனுக்குத் துணை செய்யும் வேலையை அவர் நான்கு படிகளாக வகுத்தார்.

முதல் படி, புது வாசகனுக்குத் தீட்சை. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனை அழைத்துப் போய், நூல் நிலையம் எப்படி அமைந்திருக்கிறது, புத்தகத்தின் முதுகில் உள்ள எண் எதைக் குறிக்கிறது, அட்டவணையில் பார்ப்பது எப்படி என்று காட்ட வேண்டும்.

இரண்டாவது படி, என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் நிற்பவனுக்கு உதவி. கூச்சப்பட்டு நிற்பவனை விரட்டக் கூடாது. பேச்சுக் கொடுத்து அவன் மனத்தில் உள்ள கேள்வியை வெளியே எடுக்க வேண்டும்.

மூன்றாவது படி, சட்டென்று தீரும் சந்தேகங்கள். ஓர் ஊரின் மக்கள்தொகை, ஒரு சொல்லின் பொருள், ஒருவர் பிறந்த வருஷம். அகராதியும் ஆண்டு நூலும் கலைக்களஞ்சியமும் இதற்குப் போதும்.

நான்காவது படிதான் கடினம். ஒரே புத்தகத்தில் கிடைக்காத விடை. பல நூல்கள், பழைய சஞ்சிகைகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் துருவ வேண்டும். சில நாட்கள் பிடிக்கும். வாசகனோடு நூலகரும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஆராய்ச்சி என்று நாம் பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஆக, ஆராய்ச்சி என்பது எம்.ஏ. படித்தவர்களுக்கு மட்டும் உரிய ரகசியம் ஆகாது. முதல் படியில் கால் வைத்தவன் நான்காவது படிக்கும் ஏறலாம். ஏற்றிவிட ஆள் வேண்டும்.

மண்டகப்பட்டு சொல்லும் பாடம்

இந்த நான்காவது படியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அச்சில் வந்தது எல்லாம் ஒரே தரம் என்று எண்ணக் கூடாது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அங்கே உள்ளது. தமிழ்நாட்டின் முதல் குடைவரைக் கோயில் இதுவே என்று பல நூல்களில் இருக்கும். பிள்ளையார்பட்டி அதற்கும் முந்தியது என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

மாணவன் எதை எழுதுவது?

கோயிலில் மன்னனே வெட்டிவைத்த கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் சேர்க்காமல் மும்மூர்த்திகளுக்காக இந்த ஆலயத்தை அமைத்ததாக அது சொல்கிறது. இதுதான் முதல் கோயில் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை!

கல்வெட்டு சொல்வது ஒன்று. அதை வைத்து அறிஞர்கள் ஊகிப்பது இன்னொன்று. அந்த ஊகத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவன் ஏமாற மாட்டான். கட்டுரையிலும் எது யார் சொன்னது என்று தனித்தனியே எழுதுவான்.

திண்டிவனம் பக்கத்தில் இன்னோர் ஊர் திருவக்கரை. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று நிலவியல் துறை கணக்கிட்டிருக்கிறது. அதே ஊர்க் கோயிலுக்கு வக்கிராசுரன் கதை உண்டு. கோயிலைப் பற்றி எழுத ஸ்தல புராணம் வேண்டும். கல்மரத்தைப் பற்றி எழுத நிலவியல் நூல் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த நூல் என்பது தெரிந்தால் இரண்டுக்கும் சண்டையே இல்லை.

சிதம்பரத்தில் ஐந்து விதிகள்

1928-ஆம் ஆண்டு ரங்கநாதனுக்குத் துயரமும் தந்தது, புகழும் தந்தது. அந்த ஆண்டில் முதல் மனைவி ருக்மிணியை இழந்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியிருந்தது. ஆண்டு முடிவில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் நூலகத் துறைக்கான ஐந்து விதிகளை எடுத்துச் சொன்னார். 1931-ல் அவை புத்தகமாக வந்தன. அவருடைய லண்டன் ஆசிரியர் சேயர்ஸே அதற்கு அறிமுக உரை எழுதினார்!

அந்த விதிகளைச் சிறு பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். புத்தகம் பயன்பட வேண்டும். படிக்க வந்தவன் எவனும் வெறுங்கையோடு போகக் கூடாது. எந்தப் புத்தகமும் படிப்பார் இன்றிக் கிடக்கக் கூடாது. தேடுகிறவனின் நேரம் வீணாகக் கூடாது. நூல் நிலையம் குழந்தையைப்போல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இன்று உலகமெங்கும் நூலகப் படிப்பில் இந்த ஐந்தும் பால பாடம்.

நூலகருக்கும் பயிற்சி வேண்டும் என்று 1929-ல் சென்னையில் கோடைகால வகுப்புத் தொடங்கினார். பிறகு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னின்று செய்த அந்தக் காரியத்திலும் ரங்கநாதனின் தூண்டுதல் இருந்தது.

வீட்டு வரியில் ஒரு பங்கு

சென்னையில் 20 ஆண்டு உழைத்தபின் காசிக்குப் போனார். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைப் பகுத்து ஒழுங்குபடுத்தினார். 1947-ல் டில்லிப் பல்கலைக்கழகம் அழைத்தது.

இதற்கிடையில் அவர் கண்ட நெடுநாள் கனவு ஒன்று பலித்தது. நூல் நிலையம் தர்மப் பிரபுக்களின் தயவில் நடக்கக் கூடாது, சட்டத்தின் பலத்தில் நடக்க வேண்டும் என்பது அந்தக் கனவு. 1930-லேயே மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதிக் காட்டியிருந்தார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம்.

மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு; வீட்டு வரியோடு ஒரு சிறு தொகை நூலக வரி. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. 1993-ல் மாவட்டம் பிரிந்தது. இன்று விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது.

வீட்டு வரி கட்டுகிறவர் அந்த நூல் நிலையத்தின் பங்குதாரர். அவர் வீட்டுப் பிள்ளை அங்கே போவது சலுகை ஆகாது, உரிமை!

ஒரு லட்சம் ரூபாய்

பட்டங்கள் வந்தன. 1957-ல் பத்மஸ்ரீ. 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி. ஆனாலும் அவர் எளிமையாகவே வாழ்ந்தார்.

1956-ல் ஒரு காரியம் செய்தார். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துவதற்காகக் கொடுத்த பணம் அது. இரண்டாவது மனைவி சாரதா அம்மையாரின் பெயரும் அதில் சேர்ந்தது.

1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, முதுமையிலும் மாணவர்களோடு இருந்தார். 1972 செப்டம்பர் 27-ந் தேதி, 80-வது வயதில், அங்கேயே காலமானார்.

அவர் முறை கடினமானது என்று சொல்வோர் உண்டு. அவருடைய பகுப்பு முறையை விட அமெரிக்கரின் தசம முறையே உலகில் அதிகமாகப் புழங்குகிறது. ஆனால் புத்தகத்துக்கு எண் போடுவது எந்த முறையில் இருந்தாலும், மாணவனுக்கு வழிகாட்ட வேண்டும் என்று அவர் சொன்ன விதிக்கு மாற்று இல்லை.

இன்று என்ன நிலை?

இன்று மாணவன் கையில் செல்பேசி இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் நொடியில் ஆயிரம் பதில் வருகிறது. ரங்கநாதன் காலத்தில் புத்தகம் கிடைக்காமல் மாணவன் திண்டாடினான். இன்றைய மாணவன் பதில்கள் அதிகமாகித் திண்டாடுகிறான்.

ஆசிரியர் கட்டுரை எழுதச் சொன்னால் முதலில் வந்த பதிலை அப்படியே எழுதிக் கொடுக்கிறான். யார் எழுதியது? எப்போது எழுதியது? எதைப் பார்த்து எழுதினார்? இந்த மூன்று கேள்வியும் அவனுக்குத் தோன்றுவது இல்லை. குற்றம் பிள்ளைமேல் இல்லை. கேட்கும்படி யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்த முதல் மாதத்தில், ஒரு பிற்பகல், வகுப்பை நூல் நிலையத்துக்கு அழைத்துப் போகலாம். பிள்ளைக்கு ஒரு கேள்வி கொடுக்கலாம். நம் ஊருக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது? இந்த ஏரியை வெட்டியது யார்? நம் மல்லாட்டைக்கு நோய் ஏன் வருகிறது?

விடையைச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு நூலிலாவது பார்த்து, நூலின் பெயரையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. அங்கேதான் படிப்பு ஆரம்பமாகிறது.

வேலைக்கு மனுப் போட்ட ஒரு கணக்கு வாத்தியார், தமக்குத் தெரியாததைக் கலைக்களஞ்சியத்தில் தேடிப் படித்தார். அந்த ஒரு கட்டுரையில் தொடங்கியது ஒரு துறையையே வளர்த்துவிட்டது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இன்று அலமாரி முன்னால் தயங்கி நிற்கும் பிள்ளைக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். என்ன தேடுகிறாய் என்று அவனிடம் கேட்க ஓர் ஆள் வேண்டும்.